காறினால் சளி, துப்பினால் எச்சில்: டப்பாவுக்குள் போக வேண்டியது எது?

"ஆச்சி, நாளைக்குக் காலைல எந்திரிச்ச உடனே இந்த டப்பால சளி எடுத்துட்டு வந்துருங்க."

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற எவருக்கும் இந்த வாசகம் பழக்கமானதுதான். சிவகிரியில் 'ஆச்சி', சென்னையில் 'பாட்டிம்மா'. மற்றபடி ஒரே வாசகம். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா கைக்கு வரும். மறுநாள் அது திரும்பி வரும்போது உள்ளே இருப்பது சில சமயம் சளியே இல்லை, எச்சில். தண்ணி மாதிரி, மேலே கொஞ்சம் நுரையோடு. நெஞ்சுக்குள் இருக்கும் காசநோய்க் கிருமியை வாயில் ஊறும் எச்சிலில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. 'கிருமி இல்லை' என்று சீட்டு வரும். ஆச்சி வீட்டுக்குப் போய் இருமலைத் தொடர்வார். பக்கத்தில் பேரன் படுத்திருப்பான்.

இதில் ஆச்சியின் தப்பு ஒன்றுமில்லை. சளி எடுப்பது என்றால் எங்கிருந்து, எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதைச் சொல்லத் தேவையான வார்த்தைகள் தமிழில் துல்லியமாகவே இருக்கின்றன. அவை திட்டுவதற்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

'கா' தொண்டையில், 'பு' உதட்டில்

செருமுவது, காறுவது, துப்புவது. மூன்றும் ஒன்றல்ல. வாசலில் நின்று "நான் வந்திருக்கேன்" என்று சொல்லாமல் சொல்லும் தாத்தா செருமுகிறார். மேடையில் பேசத் தொடங்கும் முன் தலைவர் செருமுகிறார். இதில் எதுவும் வெளியே வர வேண்டியதில்லை, சத்தம் வந்தால் போதும். துப்புவது, வாயில் ஏற்கெனவே இருப்பதை வெளியே தள்ளுவது. வெற்றிலைச் சாறோ, புளியங்கொட்டையோ, எச்சிலோ எதுவும் ஆகலாம். காறுவது மட்டும்தான் உள்ளே ஒட்டிக்கிடப்பதை முக்கி, இழுத்து, மேலே கொண்டுவரும் வேலை. 'காறித் துப்பினான்' என்பதில் இருப்பது ஒரு செயல் இல்லை, இரண்டு. முதலில் காற வேண்டும், பிறகுதான் துப்ப வேண்டும்.

வார்த்தைகளை மெல்லச் சொல்லிப் பார்த்தாலே அது தெரியும். 'கா' என்னும்போது நாக்கின் அடிப்பகுதி மேல் அண்ணத்தின் உட்புறத்தைத் தொடுகிறது. க, ங இரண்டும் அங்கேதான் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்கிறது. காறுகிற சத்தம் வருவதும் ஏறக்குறைய அதே இடத்தில். 'துப்பு' என்னும்போது நாக்கு நுனி பல்லைத் தொட்டு, அடுத்த நொடி உதடுகள் மூடித் திறக்கின்றன. எச்சில் போகும் பாதையும் அதுவே. காறுவது பின்வாசல் வேலை, துப்புவது முன்வாசல் வேலை.

இது தமிழில் மட்டும் இல்லை. மலையாளத்தில் 'கார்க்கிச்சு துப்புக', தெலுங்கில் 'காண்ட்ரிஞ்சி உம்மு', கன்னடத்தில் 'க்யாகரிசி உகி', இந்தியில் 'ககார்னா'. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹாக்' என்று வினைச்சொல் உண்டு. அப்படி வெளியே வரும் கட்டிக்கு அமெரிக்கப் பையன்கள் வைத்த கொச்சைப் பெயர் 'லூகி'. மொழிக் குடும்பம் மாறினாலும் இந்தச் சொற்களில் தொண்டைச் சத்தம் மாறவில்லை.

குழப்பம் வருவது 'சளி' என்ற சொல்லில். மூக்கில் ஒழுகுவதும் சளி, தொண்டையில் கட்டுவதும் சளி, நெஞ்சில் அடைப்பதும் சளி. "சளி புடிச்சிருக்கு" என்றால் நோயின் பெயரே சளி. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் நோயை மட்டும் 'தடுமன்' என்று பிரித்துச் சொல்லும் வயசானவர்கள் இருக்கிறார்கள். கெட்டியான நெஞ்சுச் சளிக்குக் 'கோழை' என்று தனிச் சொல் உண்டு. ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் சளி நினைவுக்கு வராது, பயந்தாங்கொள்ளிதான் நினைவுக்கு வருவான். ஆக, ஆய்வகம் கேட்பது நெஞ்சுச் சளி, ஆச்சி காதில் விழுவது வெறும் 'சளி', டப்பாவில் வந்து சேர்வது வாயில் சுலபமாகக் கிடைத்தது.

வசையாகிப் போன வேலை

காறுவது என்ற சொல் இன்று அதிகம் புழங்குவது உடம்பைப் பற்றிப் பேசும்போது இல்லை. படம் ஓடவில்லையா, "காறித் துப்பிட்டாங்க." அரசியல்வாதி உளறினாரா, "காறித் துப்பும் நெட்டிசன்கள்." வாட்ஸ்அப்பில் ஒரே எழுத்தில் வேலை முடிகிறது: "த்தூ." வெட்கமில்லாதவனை "துப்பினா தொடச்சிட்டுப் போயிருவான்" என்கிறார்கள். அடுத்தவனைத் தூற்றித் தானே மாட்டிக்கொள்பவனுக்கு மல்லாந்து படுத்து எச்சில் துப்பிய கதை. 'துப்புக்கெட்டவன்' என்பது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அந்தத் 'துப்பு' வேறு, திறமை என்று பொருள்படும் பழைய சொல். ஆனாலும் திட்டு வாங்குகிறவன் அகராதி புரட்டப் போவதில்லை, அவன் காதிலும் எச்சில் சத்தமே கேட்கும்.

கொச்சை என்று இதையெல்லாம் தள்ளிவிட வேண்டியதில்லை. அருவருப்பை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல வேறு வழியும் கிடையாது. ஆனால் விளைவு ஒன்று இருக்கிறது. ஒரு சொல் முழுக்க வசையாகிவிட்டால், அந்தச் செயலைச் செய்வதும் வசை மாதிரி ஆகிவிடுகிறது. நாலு பேர் முன்னால் ஒரு ஆண் காறினால் "சீ" என்று முகத்தைத் திருப்புவார்கள், அதோடு சரி. ஒரு பெண் காறினால் அது வீட்டுக்குச் செய்தியாகப் போகும். சின்ன வயதிலிருந்து "மெதுவா இருமு", "வாயைப் பொத்து", "பொம்பளப் புள்ள இப்படியா காறும்?" என்று கேட்டு வளர்ந்தவரிடம், ஐம்பது வயதில் டப்பாவை நீட்டி, வெளிநோயாளி வரிசைக்குப் பக்கத்தில் நின்று காறச் சொன்னால் என்ன செய்வார்? மெதுவாகத் திரும்பி நின்று, சத்தமில்லாமல் துப்புவார். அதுவே அவருக்குத் தெரிந்த நாகரிகம்.

இது வெறும் ஊகம் இல்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டியில், காசநோய் சந்தேகத்தோடு வந்த சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கம்போல டப்பா மட்டும். மறுபாதிப் பேருக்கு எச்சில் வேறு, சளி வேறு, நெஞ்சிலிருந்து எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு டப்பா. விளக்கம் கேட்காத பெண்களில் 8 சதவீதம் பேரின் சளியில் கிருமி தெரிந்தது. விளக்கம் கேட்ட பெண்களில் 13 சதவீதம். ஆண்களிடம் இப்படி ஒரு வித்தியாசம் வரவில்லை. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. வெட்கப்பட வேண்டாம் என்று ஒருவர் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த பலன் அது.

தென்காசி மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் பொருந்தும். ஊர் ஊராகப் பெண்கள் மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றுகிற பகுதி. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி, ராஜபாளையம் பக்கம் பஞ்சாலை. இருமல் வந்தால் சொல்வதற்குக் காரணம் எப்போதும் தயார்: "புகையிலைத் தூள் ஒத்துக்கல", "பஞ்சு ஒத்துக்கல". ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று திரும்பி, குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இன்னொரு காரணம் சேர்ந்துகொள்ளும்: "சாரல் ஒத்துக்கல." அருவியில் குளித்ததால் தடுமன் வருவதில்லை. அது வைரஸால் வருவது, கூட்டத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. பெரும்பாலும் பத்து நாளில் தானாகவே போய்விடும். ரெண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால், சாரலைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு டப்பாவைக் கேட்டு வாங்க வேண்டும். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இருக்கும் நாடு இது.

எச்சில் துப்பாதீர்! சரி, எங்கேதான் துப்புவது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் பேருந்தில், சிவகிரி தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு ஒரு பயம் உண்டு. முன் சீட்டு அண்ணாச்சி தலையை வெளியே நீட்டினால், இவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களாக இதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது இடத்தில் புகைபிடிப்பதையும் எச்சில் துப்புவதையும் தடைசெய்து 2002-லேயே சட்டம் வந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. முகக்கவசம் போடாவிட்டால் அப்போது 200 ரூபாய்தான். ரயில் நிலையத்தில் துப்பினாலும் 500 ரூபாய் வரை அபராதம் போடலாம் என்று 2012 முதல் விதி இருக்கிறது. நியூயார்க் நகரம் 1896-லேயே தடை போட்டது. அப்போது அவர்களைப் பயமுறுத்தியதும் காசநோய்தான். 1882-ல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, சாலையில் காய்ந்த சளி தூசியாகப் பறந்து நோய் பரப்பும் என்று நம்பினார்கள்.

பிற்பாடு தெரிந்தது கொஞ்சம் வேறு. காசநோய் முக்கியமாகப் பரவுவது, நோயாளி இருமும்போதும் பேசும்போதும் காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துளிகளால். தரையில் கிடக்கும் சளியைவிட, மூடிய அறையில் மறைக்காமல் விடும் இருமல் ஆபத்தானது. அதற்காகச் சாலையில் துப்பலாம் என்று அர்த்தம் இல்லை. அது அசிங்கம், அடுத்தவர் காலில் ஒட்டும். ஆனால் ஜன்னல் வழியே துப்பியவரை முறைத்துவிட்டு, ஏசி அறையில் வாயைப் பொத்தாமல் இருமும் சக ஊழியரைக் கண்டுகொள்ளாமல் இருப்பது தலைகீழான பயம்.

தடைப் பலகைகளில் விடுபட்ட பாதி ஒன்று இருக்கிறது. 'துப்பாதே' என்கிறார்கள், எங்கே துப்புவது என்று சொல்வதில்லை. பழைய வீடுகளில் அதற்குப் பாத்திரமே இருந்தது. படிக்கம், காளாஞ்சி என்று பெயர். வெற்றிலை போடும் வீட்டில் பித்தளைப் படிக்கம் இல்லாமல் திண்ணை கிடையாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் அதன் பெயர் 'கோளாம்பி'. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்தச் சொல் புதிதாக இருக்காது. வாய் அகன்ற அதே வடிவம் என்பதால், கோயில் திருவிழாவில் அலறும் கூம்பு ஒலிபெருக்கியையும் மலையாளிகள் கோளாம்பி என்றே அழைக்கிறார்கள். துப்பும் பாத்திரத்தின் பெயர் பாட்டுக்கருவிக்குப் போயிருக்கிறது என்றால், அந்தப் பாத்திரம் எவ்வளவு சாதாரணமாகப் புழங்கியிருக்க வேண்டும்!

படிக்கம் எல்லாருக்கும் கௌரவமாக இருந்ததும் இல்லை. பேஷ்வாக்கள் ஆட்சியில் புனேயில் தீண்டாமைக்கு ஆளான மக்கள் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார். அவர்கள் எச்சில் தரையில் விழுந்து, அதை உயர்சாதிக்காரர் மிதித்தால் தீட்டாம். ஒருவருக்குத் திண்ணையில் பித்தளைப் பாத்திரம், இன்னொருவருக்குக் கழுத்தில் மண்கலயம். எச்சிலை வைத்து ஆளை அளக்கும் புத்தி அத்தனை பழையது. அபராதம் போடும்போதும் நடைபாதைக்காரரைப் பிடித்துவிட்டு, காரின் கண்ணாடியை இறக்கித் துப்புகிறவரை விட்டுவிட்டால், அது சுகாதாரம் ஆகாது.

படிக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இன்று யாரும் போராடப் போவதில்லை. ஆனால் ஒரு பேருந்து நிலையத்தில் நாலு வாஷ்பேசினும், அவற்றில் தண்ணீரும் இருந்தால் அபராதப் பலகை செய்யாத வேலையை அது செய்யும். கைவசம் ஒரு டிஷ்யூ பேப்பரோ, பழைய துணித் துண்டோ வைத்துக்கொள்வதும், சளியை அதில் எடுத்து மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுவதும் பெரிய காரியம் இல்லை.

விழுங்கினால் என்ன ஆகும்?

கூகுளில் ரகசியமாகத் தேடப்படும் கேள்வி இது. பதில் சின்னது: ஒன்றும் ஆகாது. மூச்சுக்குழாய் முழுக்க நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டைக்கு வந்ததை நாள் முழுக்கத் தெரியாமலேயே எல்லாரும் விழுங்குகிறார்கள். மற்றதை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். குழந்தைகளுக்குக் காறத் தெரியாது, எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள். அதனாலேயே குழந்தைக்குக் காசநோய் சந்தேகம் வந்தால், அதிகாலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு, விழுங்கிய சளியை இரைப்பையிலிருந்து எடுத்துச் சோதிப்பதும் உண்டு.

நிறத்தைப் பார்த்துப் பயப்படுவதும் அளவோடு இருக்கலாம். பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் என்று மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம் அது, சாதாரண வைரஸ் சளியிலும் வரும். ரத்தம் கலந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. இளஞ்சிவப்பு நுரையாக வந்து மூச்சும் முட்டினால் அது இதயம் சம்பந்தப்பட்ட அவசரமாக இருக்கலாம், உடனே 108.

ஒன்றும் வராமல் நாள் பூராவும் செருமிக்கொண்டே இருப்பவர்கள் தனி ரகம். ஐடி அலுவலகங்களில், கால் சென்டர்களில், ஆசிரியர்களிடம் இது அதிகம் கேட்கும். பல நேரம் அங்கே சளியே இருக்காது. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையை அரிப்பதாலோ, மூக்கிலிருந்து பின்பக்கமாக ஒழுகுவதாலோ அப்படித் தோன்றும். செருமச் செருமக் குரல்நாண்கள் உரசி இன்னும் எரியும், எரிச்சல் மறுபடியும் செருமச் சொல்லும். ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது செருமுவதைவிட நல்லது. வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

வீட்டு வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. சித்த மருத்துவம் ஐயம் என்று பெயர் வைத்து, கபத்துக்கென்றே ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி என்று பட்டியல் வைத்திருக்கிறது. வேலியோரம் சும்மா வளரும் ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளிலிருந்து பிறந்ததுதான் புரோம்ஹெக்சின். அதன் வழி வந்தது ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் சளி இளகக் கொடுக்கும் பல சிரப்புகளின் பாட்டி, அந்தக் கசப்பு இலை. ஆனால் காசநோய்க்கு ஆடாதோடைக் கஷாயம் போதாது. சளியை இளக்குவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு.

டப்பா கைக்கு வந்தால்

காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம். மொட்டை மாடியோ, கொல்லைப்புறமோ, காற்றோட்டமான திறந்த இடம், பக்கத்தில் யாரும் இல்லாமல். ரெண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விட வேண்டும். அடுத்த மூச்சில் அடிநெஞ்சிலிருந்து பலமாக இருமி, காறி, வந்ததை டப்பாவில் துப்ப வேண்டும். இருமாமல் தொண்டையை மட்டும் காறினால் மூக்குச்சளிதான் வரும், அதுவும் போதாது. ஒரு டீஸ்பூன் அளவுக்குக் கிட்ட, கெட்டியாக, கொழகொழவென்று இருந்தால் சரி. தண்ணியாக இருந்தால் மறுபடி முயற்சி. சத்தம் வரத்தான் செய்யும், வரட்டும்.

மருத்துவமனை தன் பங்குக்குச் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். டப்பா கொடுக்கும் இடத்தில், அந்தந்த ஊர்ப் பேச்சில் "துப்பாதீங்க, நெஞ்சிலேர்ந்து இருமிக் காறுங்க" என்று ஒரு வரி. சளிக்கும் எச்சிலுக்கும் பக்கம் பக்கமாக ரெண்டு படம். பெண்கள் கூச்சமில்லாமல் காறுவதற்கு, வரிசைக்கு எட்டத்தில், கூரை திறந்த ஒரு மறைப்பு. செலவு என்று பார்த்தால் சில ஆயிரம் ரூபாய். கோவாவில் தயாராகும் 'ட்ரூநாட்' மாதிரியான மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகள் ஓரிரு மணி நேரத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கும் காலம் இது. அவ்வளவு கெட்டிக்காரக் கருவிக்குள் எச்சிலை ஊற்றிவிட்டுப் பதிலை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

கிருமி இருப்பது தெரிந்துவிட்டால் பிறகு பயப்பட அதிகம் இல்லை. நோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் வீட்டிலிருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று உலகத்துக்கே காட்டியது சென்னைதான். 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், இருநூறுக்குச் சற்றே குறைவான நோயாளிகளை வைத்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 1959-ல் வெளியானது. அந்த மையம் இன்றைக்கும் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக மத்திய அரசு கொடுக்கும் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

எவ்வளவு முயன்றும் சளி வராவிட்டால், வந்தது போதும் என்று எச்சிலைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். வரவில்லை என்று சொன்னாலே போதும். உப்புநீரை ஆவியாக முகர வைத்துச் சளியை வரவழைக்கும் வழி மருத்துவர்களிடம் இருக்கிறது.